கால்மாட்டில் கேட்ட இதயம்

தம்பி,

இதை நான் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று தரம் தொடங்கியும் பார்த்தேன். "அப்பா, நெஞ்சு எப்பிடி இருக்கு?" என்று நீ கேட்டவுடன் என் வாய் வேறு பக்கம் போய்விடுகிறது. வாழைக்குலை, மழை, பக்கத்து வளவு நாய் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். எழுத்தென்றால் இடையில் உன் குரல் வராது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாக நானே படம் பிடித்து அனுப்புவேன், ஏனென்றால் நோர்வேக்குத் தபால் வந்து சேர்வதற்குள் நீ வேலையை விட்டுவிடுவாய். மாத முடிவில் வேலையை விடப் போவதாகவும், ஆவணிக்கு வைத்த கலியாணத்தைத் தள்ளிப் போடுவதாகவும், நீர்வேலிக்கே வந்து என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போவதாகவும் சொன்னாய். அதைச் செய்யாதே. ஏன் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் இவ்வளவு தாளும். வாசிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனால் கடைசிவரை வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை தர்சினி எனக்குப் போன் எடுத்தவள். உனக்குச் சொன்னாளோ தெரியாது. நீ கட்டப் போகிற பிள்ளை, இதுவரை நீ பக்கத்தில் இல்லாமல் என்னோடு கதைத்ததில்லை. எடுத்தவுடன் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், பிறகு விசயத்துக்கு வந்தாள். "மாமா, நான் அவரை மறிக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. உங்களுக்கு ஏலாது எண்டால் அவர் வரத்தான் வேணும். எனக்கு இஞ்சை படிப்பு முடிய இன்னும் இரண்டு வருசம் கிடக்கு, என்னாலை உடனை வரேலாது. பிறகு என்ன நடக்குமோ தெரியேல்லை. அதுதான் உங்களிட்டையே ஒருக்காக் கேப்பம் எண்டு எடுத்தனான். டொக்டர் என்ன சொன்னவர்?" என்றாள். "கவனமாய் இருக்கச் சொன்னவர் பிள்ளை" என்றேன். "அவ்வளவும்தானோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அந்தப் பிள்ளை எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தது. டொக்டர் கவனமாய் இருக்கச் சொன்னது உண்மைதான். எழுபத்தொரு வயதுக்காரன் எவன் போனாலும் அதைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் அவர் சொன்னதை நான் அவளுக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை.

சரி, முதலிலிருந்து வருகிறேன். அந்தப் பட்டியை நீ போன புரட்டாதியில் இங்கே வந்தவர்களிடம் கொடுத்துவிட்டாய். மெத்தைக்குக் கீழே விரிக்கிற சாண் அகலப் பட்டி, ஒரு வயர், ஒரு சின்னப் பெட்டி. உடம்பில் ஒன்றும் ஒட்ட வேண்டாம், ஊசியும் இல்லை, சும்மா படுத்தால் போதும், இதயம் எப்படி வேலை செய்கிறதென்று உன் போனுக்கு வந்துவிடும் என்றாய். நான் நம்பவில்லை. தொடாமல் என்னத்தைப் பார்ப்பது என்று கேட்டேன். அப்போது நீ சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. "அப்பா, தண்ணி மிசினை ஸ்ராட் பண்ணேக்கை ஹோஸ் ஒரு துள்ளுத் துள்ளுமெல்லே? தண்ணி முன்னுக்குப் பாய, ஹோஸ் பின்னுக்கு உதைக்கும். இதயமும் அப்பிடித்தான். அது ரத்தத்தை மேலை தள்ளேக்கை உடம்பு ஒரு மயிரளவு கீழை போகும், பிறகு திரும்பி வரும். உங்களுக்குத் தெரியாது. பட்டிக்குத் தெரியும்." நாற்பது வருடம் வாழைக்கு நீர் இறைத்தவனுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அன்றைக்கு உன்னில் எனக்குப் பெருமையாக இருந்தது. வழக்கம்போலச் சொல்லவில்லை.

பட்டியைப் பூட்டித் தந்தது பக்கத்து வளவுக் குணம். அவன் வயரிங் வேலை செய்கிறவன், உனக்குத் தெரியும். பெட்டியோடு வந்த தாளில் படம் இருந்தது. தலையணைக்குச் சற்றுத் தள்ளி, நெஞ்சு வருகிற இடத்தில் பட்டியை விரிக்க வேண்டும். நம்முடைய அறையில் ஒரேயொரு பிளக்தான் உண்டு, அது வடக்குச் சுவரில். வயரோ கட்டை. ஆகவே குணம் பட்டியை வடக்குப் பக்கமாக விரித்து, தலையணையையும் அந்தப் பக்கம் போட்டுவிட்டு, "எல்லாம் சரி அண்ணை, இனிப் படுக்கிறதுதான் உங்கடை வேலை" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். நான் படுக்கப் போனேன். தலையணை வடக்கே கிடக்கிறது. இவனுக்கு அறிவு கெட்டுப் போய்ச்சுதோ என்று நினைத்துக்கொண்டு தலையணையைத் தூக்கித் தெற்கே போட்டுவிட்டுப் படுத்தேன். வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வையாதே என்பார்கள். அதை மீறிப் படுக்க எனக்கு ஏலாது, படுத்தாலும் நித்திரை வராது. பட்டியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது தன் பாட்டில் அங்கே கிடந்தது. நான் என் பாட்டில் படுத்தேன். இப்போது விளங்குகிறதா? இத்தனை மாதமாக நீ அங்கே பெர்கனில் இருந்து காலையில் எழுந்து பார்த்தது என் நெஞ்சை அல்ல. என் முழங்காலுக்குக் கீழே உள்ளதை.

சிரிப்பு வந்தால் சிரி. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று பார். அதற்கு முன் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாய், பத்து நிமிடம். சாப்பிட்டியளோ, ஓம். மருந்து எடுத்தியளோ, ஓம். அங்கை குளிரோ, ஓம் அப்பா. பிறகு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும். உன் அம்மா இருந்த காலத்தில் போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். உன்னோடு என்ன கதைப்பதென்று நான் பழகவில்லை. நீ பிளேன் ஏறுகிற நாள்கூட, குலை வெட்டக் கிடக்கு என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனவன் நான். அன்றைக்கு வெட்ட ஒரு குலையும் இருக்கவில்லை. நீ போன வான் சந்தி திரும்பும்வரைக்கும் மிசின் கொட்டிலுக்குள் இருந்தேன். இதை இப்போதுதான் சொல்கிறேன். பட்டி வந்து, உன் போனில் கோடு மெலிந்து மெலிந்து வரத் தொடங்கியதும் நீ ஒவ்வொரு நாளும் எடுத்தாய், பிறகு காலையும் மாலையும். படியேறக் களைக்குதோ, கால் வீங்குதோ, என்ன கறி, ஆர் வந்தது என்று கேட்டாய். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். மழை பெய்து பள்ளக் காணியில் ஐம்பது வாழை சரிந்த அன்று நாங்கள் முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். நீ பிறந்ததிலிருந்து நானும் நீயும் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

தை மாதத்தில் நீயே யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இடத்தில் நாள் பதிந்து, இதயத்தை எக்கோ படம் எடுக்கச் சொன்னாய். போனேன். உனக்குப் பயம், எனக்கும் பயம்தான். பொய்யென்ன, வழிநெடுக உன் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். நெஞ்சில் களியைப் பூசி ஒரு கருவியை உருட்டிப் பார்த்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஆர் ஐயா உங்கடை இதயம் பலமில்லை எண்டு சொன்னது?" என்று கேட்டாள். நீ கொண்டுபோகச் சொன்ன, பெட்டியோடு வந்த தாளைக் கொடுத்து, பட்டியின் கதையைச் சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயா, எந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்கிறனீங்கள்?" என்றாள். தெற்கே என்றேன். "பட்டி?" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்த உதை காலுக்கும் வரும் ஐயா, ஆனா தேஞ்சுதான் வரும். பட்டியிலை பிழையில்லை, உங்களிலையும் பிழையில்லை" என்றாள். டொக்டரும் பார்த்துவிட்டு, தோட்டம் செய்த உடம்பு, உங்கள் வயதுக்கு இப்படி ஒரு இதயத்தை நான் அடிக்கடி காண்பதில்லை என்றார். அதற்குப் பிறகுதான் கவனமாய் இருங்கோ என்றார்.

வெளியே வந்து படியில் நிற்க, நீ எடுத்தாய். வேலையிடத்தில் இருந்து இறங்கி வந்து, குளிருக்குள் நின்று காத்திருந்திருக்கிறாய். "அப்பா?" என்றாய். அவ்வளவுதான். அந்தக் குரலை நான் கேட்டது உனக்கு ஒன்பது வயதில், இடம்பெயர்ந்து போன வழியில் சனத்துக்குள் நீ என் கையை விட்டுத் தொலைந்து, பிறகு கண்டுபிடித்தபோதுதான். நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். "கவனமாய் இருக்கச் சொன்னவர் தம்பி" என்றுதான் வந்தது. நீ அழுதாய். நான் உன்னைத் தேற்றினேன், பிறகு நீ ரிப்போட்டைக் கேட்டபோதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று கடத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே உனக்கு ஊட்டியும் விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இதோடு நிற்கவில்லை, இன்னும் கேள். வீட்டுக்கு வந்து பட்டியைத் தெற்கே மாற்றியிருக்கலாம். குணத்தைக் கூப்பிட்டு ஒரு நீட்டு வயர் போடச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. மாசியில் ஒரு நாள் நீ சந்தோசமாக எடுத்து, "அப்பா, கோடு கொஞ்சம் நல்லாய் வருது, கவனமாய் இருக்கிறியள்போல" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு நாள் நீ எடுக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு நான் காலை மடக்கிக்கொண்டு, பட்டியில் பாதம் மட்டும் படுகிற மாதிரிப் படுத்தேன். விடிந்து தேத்தண்ணி குடிக்க முன்னம் உன் போன் வந்தது. அதற்குப் பிறகு அப்படியே படுத்துப் பழகிவிட்டேன். உன் கலியாணம் ஆட்டம் காணத் தொடங்கியது அந்தக் கிழமைதான். மகனுக்குத் தகப்பன் செய்கிற வேலையா இது என்று நீ கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு இன்னும் கடினம். களைத்துப் போனேன் தம்பி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை சிரித்து முடிந்து, தாளைத் திருப்பித் தரும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது. "பிள்ளை, இதயம் உதைக்கிறதிலை கட்டிலே ஆடுமோ?" என்றேன். அவள் சிரிப்பை விட்டுவிட்டாள். "சிலருக்கு ஆடும் ஐயா. வால்வு கசிஞ்சால், தள்ளின ரத்தத்திலை பாதி திரும்பி வரும். அதாலை ஒவ்வொரு முறையும் இதயம் இரண்டு மடங்கு தள்ள வேணும். உடம்பு மெலிஞ்ச ஆக்கள் எண்டால் படுத்திருக்கிற கட்டில் ஆடுறது பக்கத்திலை படுக்கிற ஆளுக்கே தெரியும். சின்ன வயசிலை மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த ஆக்களுக்கு இது கூடுதலாய் வரும்" என்றாள். நான் தலையாட்டிவிட்டு எழும்பினேன். சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டினேன். அவள்தான் சரியாய்ப் பூட்டிவிட்டாள்.

உன் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் முழங்கால் வீங்கி, காய்ச்சல் வந்து, ஒரு தவணை பள்ளிக்கூடம் போகவில்லை. கலியாணம் செய்த புதிதில் சொன்னவள். நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். அவள் போவதற்கு முந்தின வருடம் மெலியத் தொடங்கினாள். வயது போகிறது, மெலியத்தானே வேண்டும் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சரிவது வழக்கம். கட்டிலின் தலைப்பலகையில் அவள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பாள். அது பலகையில் டிக், டிக் என்று மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். கட்டில் நடுங்கும். தோட்டத்தில் நின்றுவிட்டு வந்தவனுக்கு எரிச்சல். "கட்டிலை ஆட்டாமல் படுமப்பா" என்று சத்தம் போட்டேன். "நான் ஆட்டேல்லையப்பா, அது தானாய் ஆடுது" என்றாள். "பேய்க்கதை கதையாதையும், கட்டில் தானாய் ஆடுமோ?" என்றேன். அடுத்த நாள் நான் பார்த்தேன், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி படுத்திருந்தாள். அப்போதும் கண்ணாடி தட்டியது. நான் கட்டிலில் என் பக்கம் விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டு மண்டபத்துக்குப் போய்ப் படுத்தேன். அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் அந்த அறையில் தனியாகப் படுத்தாள். ஒரு காலையில் எழும்பவில்லை.

நீ வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்து இரண்டாம் நாள். கிணற்றடியில் நின்று கேட்டாய்: "அப்பா, ஒரு குறியும் தெரியேல்லையோ?" நான் சொன்னேன்: "ஒண்டும் இல்லை. நல்லாய்த்தான் இருந்தவ." அந்த நேரம் கட்டில் ஆடியது நோய் வருத்தத்தின் குறி என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் நான் எழும்பி மண்டபத்துக்குப் போனது எனக்குத் தெரியும். அதை மறைத்தேன். குறி இல்லாமல் அம்மா போய்விட்டாள், அப்பாவும் அப்படிப் போய்விடுவார் என்ற பயத்தில்தானே நீ அந்தப் பட்டியைத் தேடி வாங்கினாய். பட்டியின் கதையைச் சொன்னால், கட்டில் ஆடிய கதையும் சொல்ல வேண்டி வரும். நான் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். உன் குரல் கேட்கிற ஆசை பாதி, இது பாதி. எது கூடுதல் என்று என்னைக் கேட்காதே.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கலியாணம் செய்யப் போகிறவனுக்குத் தகப்பன் ஒன்றும் சொல்லாமல் விடுவது முறையில்லை. தர்சினி "நான் இல்லை, அது தானாய் நடக்குது" என்று எதையாவது சொன்னால், அவளை நம்பு. முதலில் நம்பு, பிறகு யோசி. கோபம் வந்து எழும்பிப் போக வேண்டுமென்றால் போ, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதே கட்டிலில் படு. பாயைச் சுருட்டினால் திரும்ப விரிக்க மனம் வராது, அதை நான் பட்டுச் சொல்கிறேன். இன்னொன்று, என்னைப் பார்த்துப் பழகியது உனக்கும் இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இயந்திரத்தில் பார்க்கிற பழக்கம். அவளிடம் வாயால் கேள். ஞாயிறு அவள் என்னைக் கேட்ட மாதிரி, நேராகக் கேள். அவள் உன்னைவிடத் தைரியசாலி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை அவளுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கதையை அல்ல, அது உனக்கு மட்டும். பட்டி, கால், எக்கோ, நான் சொன்ன பொய் எல்லாம். அவள் திட்டவில்லை. "அவர் வேலையை விடுற கடிதம் எழுதி வைச்சிட்டார் மாமா, வெள்ளிக்கிழமை குடுக்கிறதாய் இருக்கிறார். அதுக்கு முதல் நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் நம்பமாட்டார், என்ரை தேவைக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பார்" என்றாள். ஆகவே சொல்லிவிட்டேன். எக்கோ ரிப்போட்டையும் இதோடு படம் பிடித்து அனுப்புகிறேன், டொக்டரின் கையெழுத்து அடியில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. ஆவணியில் கலியாணத்தை வை. பிளேனில் ஏற எனக்கு ஒரு கரைச்சலும் இல்லையாம், அதையும் டொக்டரிடம் கேட்டனான். நீ கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் இங்கிருந்தே கும்பிடுவேன்.

பட்டியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நாளைக் காலை உன் போனில் கோடு வராது. பயந்துவிடாதே, நான் இருப்பேன். அதுதான் தம்பி, நான் உனக்குச் சொல்லாமல் விட்ட கடைசிக் கதை. சட்டைப் பொத்தான் பூட்டி முடிந்து வெளிக்கிடும்போது டொக்டர் என் முதுகில் தட்டி, "யோசியாமல் போங்கோ ஐயா, இது இன்னும் பதினைஞ்சு வருசம் தாராளமாய் ஓடும்" என்றார். மற்றவர்கள் என்றால் சந்தோசப்பட்டிருப்பார்கள். நோய் வருத்தம் இல்லாத என்னோடு, அந்தப் பதினைந்து வருடமும் நீ என்னத்தைக் கதைக்கப் போகிறாய் என்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அப்பா